சூலூர் முதல் மலபார் வரை: பல நாட்டுக் கூட்டுப் படைப் பயிற்சி பற்றி எங்கள் ஊரில் கேட்ட கேள்விகள்

தரைப்படையின் சிக்னல் பிரிவில் 17 ஆண்டுகள் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. படைத் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் ஓட்டமும் கணக்கும் சொல்லித் தருகிறேன். 2024 ஆகஸ்டில் கோவைப் பக்கத்துச் சூலூரில் வெளிநாட்டுப் போர் விமானங்கள் வந்து இறங்கிய நாளிலிருந்து டீக்கடையிலும் பால் சொசைட்டி வரிசையிலும் மைதானத்திலும் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. மலபார், மிலன் என்ற கடற்படைப் பயிற்சிகள் பற்றி டிவியில் செய்தி ஓடும்போதெல்லாம் இதே கேள்விகள் திரும்ப வருகின்றன. அதனால் எழுதியே வைத்துவிட்டேன்.

2024 ஆடி மாதம் நாம் கேட்ட அந்தச் சத்தம் என்ன?

ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக அள்ளிக்கொண்டு வரும் நாட்கள் அவை. தோப்பில் மட்டைகள் உரசும் சத்தத்தையும் மீறி மேலே ஓர் உறுமல் கேட்டது. மேகம் தாழ்ந்து கிடந்ததால் ஒன்றும் தெரியவில்லை. பக்கத்துத் தோப்பில் கள் இறக்கிக்கொண்டிருந்தவர் பாதி மரத்திலேயே நின்று, "ஏனுங்கண்ணா, சண்டை கிண்டை ஆரம்பிச்சிருச்சுங்களா?" என்று மேலிருந்தே கேட்டார். கீழே நின்றிருந்த அவர் மனைவியின் முகத்தில் உண்மையாகவே பயம் இருந்தது.

சண்டை இல்லை. அதன் பெயர் 'தரங் சக்தி'. இந்திய விமானப்படை தானே முன்னின்று பல நாடுகளை அழைத்து நடத்திய முதல் பெரிய பயிற்சி அது. முதல் கட்டம் ஆகஸ்ட் 6 முதல் 14 வரை சூலூர் விமானப்படைத் தளத்தில் நடந்தது. ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன், ஸ்பெயின் ஆகிய நாடுகளின் விமானப்படைகள் வந்திருந்தன. யூரோஃபைட்டர் டைஃபூன், ரஃபேல் விமானங்களோடு நம்முடைய தேஜஸும் சுகோய்-30ம் சேர்ந்து பறந்தன. ஜெர்மன் விமானப்படை இந்தியாவுக்கு வந்து இப்படிப் பயிற்சி செய்தது அதுவே முதல் தடவை. இரண்டாம் கட்டம் ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் ராஜஸ்தானின் ஜோத்பூரில் நடந்தது. அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் அங்கே கலந்துகொண்டன.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து சூலூர் நேர்கோட்டில் 50 கிலோமீட்டர் கூட இல்லை. போர் விமானத்துக்கு அது சில நிமிடத் தூரம். பெரியவர்களுக்குச் சூலூர் என்றாலே ஹெலிகாப்டர்தான் நினைவுக்கு வரும். பின்னால் தேஜஸ் விமானங்களின் இரண்டு அணிகள் அங்கே வந்தன. 45ஆம் அணி 2018ல் அங்கே இடம் மாறி வந்தது. 18ஆம் அணி 2020ல் தேஜஸோடு புதிதாக எழுந்தது. நம் நாட்டில் செய்த விமானத்தை வெளிநாட்டு விமானிகள் பக்கத்தில் பறந்து பார்க்கட்டும் என்ற எண்ணமும் சூலூரைத் தேர்ந்தெடுத்ததில் இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

கூட்டுப் பயிற்சி என்றால் போருக்கு ஒத்திகை என்றுதானே அர்த்தம்?

ஒரு பகுதி அப்படித்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. நீர்மூழ்கியைத் தேடிப் பிடிப்பது, வானத்தில் எதிர்த்து வரும் விமானத்தை மடக்குவது, கடத்தப்பட்ட கப்பலில் ஏறி ஆட்களை மீட்பது எல்லாம் போர் வேலைகள்தான்.

ஆனால் உள்ளே இருந்து பார்த்தவனுக்கு வேறொன்று தெரியும். ஒவ்வொரு நாட்டுப் படையும் சுடுவதற்குத் தன் ஊரிலேயே பழகிக்கொள்ளும். அடுத்த நாட்டுப் படையோடு சேர்ந்தால் மட்டுமே கற்க முடிவது, அவர்கள் சொல்வதை நாமும் நாம் சொல்வதை அவர்களும் பிசகாமல் புரிந்துகொள்வதுதான். பயிற்சியின் பெரும்பகுதி நேரம் அதற்கே போகிறது. கீழே ஒரு கேள்வியில் இதைப் பற்றி நீளமாக எழுதியிருக்கிறேன்.

இந்தியா அமெரிக்காவின் கூட்டணி நாடா? டிவியில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

இல்லை. கூட்டணி நாடு வேறு, நட்பு நாடு வேறு. அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த நேட்டோ கூட்டணியில் இருக்கும் ஒரு நாட்டின் மேல் தாக்குதல் நடந்தால் அதை எல்லா நாடுகள் மீதும் நடந்த தாக்குதலாகக் கருத வேண்டும் என்று அவர்களின் ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டவர்கள் செய்யும் பயிற்சியின் அளவே தனி. 2024ல் நேட்டோ நடத்திய 'ஸ்டெட்ஃபாஸ்ட் டிஃபெண்டர்' பயிற்சியில் சுமார் 90,000 பேர் இறங்கினார்கள். ஒருவர் வீட்டில் தீப்பிடித்தால் மற்றவர்கள் எந்த வழியாக, எத்தனை நாளில் வந்து சேருவார்கள் என்று பார்ப்பதுதான் அதன் அடிப்படை.

இந்தியா யாரோடும் அப்படிக் கையெழுத்துப் போட்டதில்லை. அதனால்தான் அமெரிக்காவோடு 'யுத் அப்யாஸ்', ரஷ்யாவோடு 'இந்திரா', பிரான்ஸோடு 'வருணா', சிங்கப்பூரோடு 'சிம்பெக்ஸ்', இலங்கையோடு 'மித்ர சக்தி' என்று பல பக்கமும் பயிற்சி செய்ய முடிகிறது. 2018ல் ரஷ்யாவின் செபார்குலில் ஷாங்காய் ஒத்துழைப்பு அமைப்பு நடத்திய பயிற்சியில் இந்தியப் படையும் பாகிஸ்தான் படையும் ஒரே மைதானத்தில் நின்றன. சீனாவும் அந்த அமைப்பில் உண்டு. இதைச் சொன்னால் நம் ஊரில் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். நடந்தது உண்மை.

அமெரிக்காவோடு 2016ல் ஓர் ஒப்பந்தம் போடப்பட்டது. இரு தரப்பும் ஒருவர் தளத்தில் இன்னொருவர் எரிபொருளும் உணவும் உதிரிப் பொருளும் வாங்கிக்கொள்ளலாம், கணக்கைப் பின்னால் தீர்த்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். தெரிந்த மளிகைக் கடையில் பற்று வைப்பது போல. தளத்தையே எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சிலர் சொல்வது தவறு.

மலபார் பயிற்சி என்பது நம்ம மலபாரா?

பெயர் நம்முடையதுதான். 1992ல் இந்தியக் கடற்படையும் அமெரிக்கக் கடற்படையும் சேர்ந்து தொடங்கியபோது இந்த மேற்குக் கரையின் பெயரை வைத்தார்கள். (பாலக்காடு நகரம் 1956 நவம்பர் 1 வரை மதராஸ் மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. நம் கொழிஞ்சாம்பாறை இருக்கும் சித்தூர் தாலுகா பழைய கொச்சி ராஜ்யத்தைச் சேர்ந்தது. ஆக, நாம் மலபார்க்காரர்கள் என்று சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.)

1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடந்ததும் அமெரிக்கா பயிற்சியை நிறுத்திவிட்டது. 2002ல்தான் மறுபடி தொடங்கியது. 2007 செப்டம்பரில் வங்காள விரிகுடாவில் ஜப்பான், ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் ஆகியவையும் சேர, ஐந்து நாட்டுக் கப்பல்கள் கூடின. நம் பக்கம் ஐஎன்எஸ் விராட், அமெரிக்கா பக்கம் நிமிட்ஸ், கிட்டி ஹாக் என்று மூன்று விமானந்தாங்கிக் கப்பல்கள். சீனாவுக்கு அது பிடிக்கவில்லை. அதன்பின் ஆஸ்திரேலியா பல ஆண்டுகள் ஒதுங்கியிருந்தது. 2015ல் ஜப்பான் நிரந்தர உறுப்பினரானது. 2020ல் ஆஸ்திரேலியா திரும்பி வந்தது. அந்த ஆண்டின் முதல் கட்டம் விசாகப்பட்டினத்துக்கு அப்பால் நடந்தது. 2024 அக்டோபரிலும் விசாகப்பட்டினம்தான். இடையில் ஜப்பான், குவாம் தீவு, சிட்னி என்று பயிற்சி ஊர் சுற்றியிருக்கிறது. மலபார் என்ற பெயர் சிட்னிக் கடலில் ஒலிப்பதை நினைத்தால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

மிலன் என்பது வேறா?

வேறு. அதுவும் இந்தியக் கடற்படை நடத்துவதுதான். 1995ல் அந்தமானின் போர்ட் பிளேரில் இந்தோனேசியா, சிங்கப்பூர், இலங்கை, தாய்லாந்து என்று நான்கு விருந்தாளி நாடுகளோடு சின்னதாகத் தொடங்கியது. 2024 பிப்ரவரியில் விசாகப்பட்டினத்தில் நடந்தபோது ஏறக்குறைய 50 நாடுகளுக்கு அழைப்பு போயிருந்தது. உலக அளவில் பெரிய கடற்படைப் பயிற்சி என்றால் ஹவாய்த் தீவில் நடக்கும் 'ரிம்பாக்'. 1971ல் தொடங்கியது, இப்போது இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. 2024ல் 29 நாடுகள், சுமார் 25,000 பேர்.

பத்துப் பதினைந்து நாள் அப்படி என்னதான் செய்கிறார்கள்?

பயிற்சிக்குப் பல மாதங்கள் முன்பே அதிகாரிகள் இரண்டு மூன்று முறை உட்கார்ந்து திட்டம் போட்டுவிடுவார்கள். கடற்படை என்றால் முதலில் துறைமுகக் கட்டம். கப்பல்கள் கட்டிக் கிடக்கும், ஆட்கள் மேசையில் உட்கார்ந்து பேசுவார்கள். ஒருவர் கப்பலுக்கு இன்னொருவர் போய்ப் பார்ப்பார்கள். வாலிபால் ஆட்டமும் உண்டு. அப்புறம்தான் கடல் கட்டம். தரைப்படையிலும் இதே வரிசைதான்: வகுப்பு, வரைபடத்தின் மேல் ஒத்திகை, சிறு குழுக்களாகக் களம், கடைசி இரண்டு மூன்று நாள் எல்லோரும் சேர்ந்து ஒரு பெரிய ஒத்திகை. எல்லாம் முடிந்ததும் என்ன தவறு நடந்தது என்று உட்கார்ந்து பேசுவார்கள். அந்தக் கூட்டத்தில் பதவி பார்க்காமல் பேசவிடும் படைதான் தேறும்.

நான் பணியில் இருந்தபோது ஒரே ஒரு முறை ஒரு நட்பு நாட்டுப் படையோடு களத்தில் நின்றேன். முதல் நாள் காலை நடந்தது இன்றும் நினைவிருக்கிறது. அவர்களுடைய ரேடியோவின் சார்ஜர் பிளக் நம் சாக்கெட்டில் நுழையவில்லை. ஒரு வேப்பமரத்தடியில் எங்கள் நாயக் ஒருவரும் அவர்களின் சிப்பாய் ஒருவரும் குந்தி உட்கார்ந்து, ஒயரை உரித்து, ஒரு மாற்று பிளக் செய்தார்கள். இருவருக்கும் பொதுவாகப் பத்து ஆங்கிலச் சொற்கள்கூட இல்லை. கையால் காட்டிக் காட்டியே முடித்துவிட்டார்கள். மாலையில் வேறொரு சிக்கல் வந்தது. ஒரே பாறைக்கு அவர்கள் சொன்ன வரைபட எண் வேறு, நாங்கள் சொன்னது வேறு. பூமியின் வடிவத்தை அளக்க அவர்களின் வரைபடம் ஒரு கணக்கையும் நம் பழைய வரைபடம் இன்னொரு கணக்கையும் எடுத்துக்கொண்டதுதான் காரணம். எண் ஒன்றாக இருந்தாலும் இடம் பல நூறு அடி தள்ளிப் போய்விடும். நிஜமான களத்தில் பல நூறு அடி என்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதைப் பயிற்சியில் கண்டுபிடித்ததற்காக நான் இன்றும் நன்றி சொல்கிறேன்.

விமானப்படையிலும் இப்படி உண்டு. பறந்துகொண்டே எரிபொருள் நிரப்ப இரண்டு முறைகள் இருக்கின்றன. நம்முடைய இல்யூஷின்-78 டேங்கர் விமானம் ஒரு குழாயைக் கூடை போன்ற முனையோடு பின்னால் தொங்கவிடும். சுகோயும் ரஃபேலும் தேஜஸும் தங்கள் மூக்குப் பக்கம் இருக்கும் குழாயை அதில் கொண்டுபோய்ச் செருகும். அமெரிக்காவின் எஃப்-16 போன்றவை மேல்பக்கம் திறந்து காட்டி நிற்கும், டேங்கரின் நீண்ட தண்டுதான் வந்து செருக வேண்டும். ஆக, நட்பு எவ்வளவு நெருக்கமானாலும் நம் டேங்கரிலிருந்து எஃப்-16க்கு ஒரு சொட்டுகூடக் கொடுக்க முடியாது. யாருக்கு யார் நிரப்பலாம் என்ற பட்டியலைச் சரிபார்ப்பதே பயிற்சியில் ஒரு வேலை.

மொழி தெரியாமல் எப்படிச் சேர்ந்து வேலை செய்கிறார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்ட பையனுக்கு நான் 2018 வெள்ளத்தில் நடந்ததைச் சொன்னேன். அந்த ஆகஸ்டில் மலம்புழா அணை திறந்து பாலக்காடு நகரத்தின் தாழ்வான பகுதிகள் மூழ்கின, நெல்லியாம்பதி சாலை அறுந்து போனது. நாங்கள் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் அரிசி, போர்வை, தண்ணீர் கேன் எல்லாம் சேர்த்து லாரியில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தோம். ஈரோட்டிலிருந்து வந்த ஓர் ஓட்டுநர், நல்ல மனிதர், மூன்று நாளாக எங்களோடு தூங்காமல் உழைத்தவர். தண்ணீர் கேன் ஏற்றிய லாரியோடு ஆலத்தூர்ப் பக்கத்து முகாமுக்குப் போய்க்கொண்டிருந்தார். முகாமிலிருந்து ஒருவர் அவருக்குப் போன் செய்து, "வெள்ளம் தீர்ந்நு" என்றார். இவர் "சரிங்க, நல்லதுங்க" என்று போனை வைத்துவிட்டு லாரியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

எல்லையில் பிறந்த நமக்கு விளக்கவே வேண்டாம். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். குடிக்கத் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று அவர்கள் சொன்னார்கள். ஈரோட்டுக்காரரின் காதில் வெள்ளம் வடிந்துவிட்டது என்று விழுந்தது. லாரி மறுபடி போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆனது. அந்த முகாமில் கைக்குழந்தைகள் இருந்தார்கள். யார் மேலும் தவறில்லை. இரண்டு பேரும் தத்தம் மொழியைச் சரியாகத்தான் பேசினார்கள்.

படைகளின் கூட்டுப் பயிற்சியில் பாதி இந்த 'வெள்ளம்' போன்ற சொற்களைத் தேடிப் பிடிக்கும் வேலைதான். பேசுவது பொதுவாக ஆங்கிலத்தில். ஆனால் வீட்டு ஆங்கிலமோ பள்ளி ஆங்கிலமோ உதவாது. எழுத்துகளுக்குப் பெயர் இருக்கும். கொழிஞ்சாம்பாறை என்பதை ரேடியோவில் சொல்ல வேண்டுமானால் 'கிலோ, ஆஸ்கர், ஜூலு' என்று தொடங்க வேண்டும். எதிரில் இருப்பவர் சொன்னது காதில் விழவில்லை என்றால் 'ரிப்பீட்' என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. 'ஸே அகைன்' என்றுதான் கேட்க வேண்டும். பீரங்கிக்காரனுக்கு 'ரிப்பீட்' என்றால் 'முன்பு சுட்ட அதே இடத்தில் மறுபடி சுடு' என்று பொருள். சிக்னல் பிரிவில் சேர்ந்த முதல் வாரமே எங்களுக்கு இதைத் தலையில் அடித்தாற்போல் சொல்லிக் கொடுத்தார்கள். என் மாணவர்கள் போனில் 'என்னங்க, ரிப்பீட் பண்ணுங்க' என்று சொன்னால் இன்றும் எனக்கு உடம்பு ஒரு கணம் விறைக்கும்.

நிஜக் குண்டு சுடுவார்களா? உயிருக்கு ஆபத்து உண்டா?

பெரும்பாலும் வெற்றுத் தோட்டாவும் கணினிக் கணக்கும்தான். வானச் சண்டையில் ஏவுகணை பாயாது. இன்ன விமானம் இன்ன நேரத்தில் 'வீழ்ந்தது' என்று பதிவு செய்வார்கள், அவர் சண்டையிலிருந்து விலகிவிடுவார். நிஜமாகச் சுடும் நாளும் உண்டு. அதற்கென்று ஒதுக்கிய சுடுதளமோ கடல் பகுதியோ இருக்கும்.

ஆபத்து இல்லை என்று சொன்னால் பொய். 2018 நவம்பரில் நேட்டோவின் 'டிரைடென்ட் ஜங்க்சர்' பயிற்சி முடிந்து திரும்பிய நார்வேயின் போர்க்கப்பல் ஹெல்கே இங்ஸ்டாட், ஓர் எண்ணெய்க் கப்பலோடு மோதி மூழ்கியது. ஆட்கள் தப்பித்துவிட்டார்கள். 2023 ஜூலையில் ஆஸ்திரேலியாவில் 'டாலிஸ்மன் சேபர்' பயிற்சியில் ஹெலிகாப்டர் ஒன்று இரவில் கடலில் விழுந்து நான்கு பேர் இறந்தார்கள். 'வெறும் பயிற்சிதானே' என்று யாராவது சொன்னால் எனக்கு மனம் வலிக்கும். பயிற்சியிலும் பிள்ளைகள் வீடு திரும்பாமல் போகிறார்கள்.

பக்கத்து நாடு இதை நிஜப் போர் என்று தவறாக நினைத்துவிட்டால்?

நடந்திருக்கிறது. 1983 நவம்பரில் நேட்டோ 'ஏபிள் ஆர்ச்சர்' என்ற பயிற்சியை நடத்தியது. அணு ஆயுதத்தைப் பயன்படுத்த உத்தரவு எப்படிப் போகும் என்று தலைமையகங்களுக்குள் ஒத்திகை பார்ப்பதுதான் அது. பதற்றமான காலம். சோவியத் தரப்பு அதைச் சந்தேகத்தோடு பார்த்து, கிழக்கு ஜெர்மனியிலும் போலந்திலும் இருந்த தன் விமானங்கள் சிலவற்றைத் தயார் நிலையில் வைத்தது.

நம் வீட்டிலும் உண்டு. 1986–87ல் ராஜஸ்தானில் இந்தியா நடத்திய 'பிராஸ்டாக்ஸ்' பயிற்சி மிகப் பெரியது. பாகிஸ்தான் அஞ்சித் தன் படையை எல்லைக்கு நகர்த்த, பதிலுக்கு நாமும் நகர்த்த, போர் மூளும் நிலை வந்தது. அந்தப் பாடத்தால்தான் 1991 ஏப்ரலில் இரு நாடுகளும் ஓர் ஒப்பந்தம் செய்தன. பெரிய பயிற்சி என்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், எல்லைக்கு மிக அருகில் நடத்தக் கூடாது. ஐரோப்பாவில் வியன்னா ஆவணம் என்று ஒன்று இருக்கிறது. 9,000 பேருக்கு மேல் இறங்கும் பயிற்சியை 42 நாள் முன்பே அறிவிக்க வேண்டும் என்கிறது. கல்யாணத்துக்கு வெடி வைக்கும் முன் பக்கத்து வீட்டுக்குச் சொல்லி வைப்பது போன்ற மரியாதைதான், ஆனால் இது உயிர் காக்கும் மரியாதை.

வெளிநாட்டுக்காரர்கள் நம் ரகசியத்தைத் தெரிந்துகொண்டு போக மாட்டார்களா?

முயற்சி செய்வார்கள், நாமும் செய்வோம். ஆனால் யாரும் ரேடாரை முழுத் திறனில் ஓட விடுவதில்லை, மின்னணுப் போர்க் கருவிகளின் முக்கியமான முறைகளை அணைத்தே வைப்பார்கள். எதைக் காட்டுவது, எதைக் காட்டக் கூடாது என்பதற்குப் பட்டியலே உண்டு.

மீனவர்களுக்குச் சொல்கிறார்களா?

பழவேற்காடு, தடா பக்கம் பெண் கொடுத்த ஒரு குடும்பம் கேட்ட கேள்வி இது. சொல்கிறார்கள். கடலில் சுடும் பயிற்சி என்றால் இன்ன அட்சரேகை, தீர்க்கரேகைக்குள் இன்ன நேரம் போக வேண்டாம் என்று முன்கூட்டியே எச்சரிக்கை வெளியிடப்படும். நம் பகுதிக் கடலுக்கு அந்த எச்சரிக்கைகளை ஒருங்கிணைப்பது டேராடூனில் இருக்கும் தேசிய நீர்வரைவியல் அலுவலகம். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாட்களில் கேட்டுப் பழகிய அறிவிப்பு போலத்தான். ஆனால் அது சின்ன வள்ளம் வைத்திருப்பவரின் காதுக்குத் தமிழிலோ தெலுங்கிலோ நேரத்தில் போய்ச் சேர வேண்டும். அன்றைக்குத் தொழில் போனால் அவருக்கு என்ன வழி என்றும் யோசிக்க வேண்டும். இதில் நான் மீனவர் பக்கம்.

நமக்கு இதனால் என்ன நன்மை?

2004 டிசம்பர் 26 சுனாமியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கரையே அடிபட்டுக் கிடந்தபோதும் இந்தியக் கடற்படை இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் கப்பல் அனுப்பியது. இந்தியா, அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா நான்கும் சேர்ந்து உதவியை ஒருங்கிணைத்தன. இந்த நான்கு நாட்டுக் குழுவை இன்று குவாட் என்று சொல்வதன் விதை அங்கேதான் விழுந்தது. அதற்கு முன்பே ஒன்றாகப் பயிற்சி செய்து பழகியிருந்தவர்கள் அவர்களில் பலர்.

2019 நவம்பரில் ஆந்திராவில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் 'டைகர் டிரையம்ஃப்' என்று இந்தியாவும் அமெரிக்காவும் முதன்முதலாக முப்படைப் பயிற்சி செய்தன. முக்கிய நோக்கம் பேரிடர் மீட்பு. கப்பலிலிருந்து கரைக்கு ஆட்களையும் வண்டிகளையும் மருந்தையும் இறக்கிப் பழகினார்கள். அதில் நம் பக்கம் இருந்த ஐஎன்எஸ் ஜலஷ்வா கப்பல்தான் அடுத்த ஆண்டு கொரோனா காலத்தில், 2020 மே 10 அன்று, மாலத்தீவிலிருந்து 698 பேரைக் கொச்சிக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அந்தக் கப்பலில் வந்த ஒருவரின் அம்மா எங்கள் பால் சொசைட்டியில் தினமும் பால் ஊற்றுகிறவர். மகன் கரையிறங்கியதாகப் போன் வந்தபோது கையிலிருந்த தூக்குப் பாலைக் கீழே வைக்கவும் மறந்து அப்படியே நின்றிருந்தார்.

விமானம் பறப்பதைப் பார்க்கப் போகலாமா? வீடியோ எடுக்கலாமா?

உங்கள் தோப்பிலிருந்து வானத்தைப் பார்க்க யார் அனுமதியும் வேண்டாம். தளத்தின் சுவரோரம் வண்டியை நிறுத்தி உள்ளே படம் எடுக்காதீர்கள், 1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் இன்றும் இருக்கிறது. கல்யாண வீடியோவுக்கு டிரோன் விடுகிறவர்கள் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் டிரோனுக்குத் தடையுள்ள சிவப்புப் பகுதியா என்று பார்த்துவிட்டு விடுங்கள்.

இன்னொன்று, சூலூர்ப் பக்கம் சொந்தம் உள்ளவர்கள் கேளுங்கள். விமானத்தளத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் இறைச்சிக் கழிவையும் குப்பையையும் திறந்த வெளியில் கொட்டக் கூடாது என்று விமான விதிகள் சொல்கின்றன. பருந்தும் காகமும் கூடும். ஒரு பருந்து இன்ஜினுக்குள் போனால் விமானியின் உயிரே போகலாம். கோழிக்கடைக்காரர்களுக்கு இதை யாராவது பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

செலவு யாருடையது?

பொதுவாக வருகிற நாடு தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும். எரிபொருள் வாங்கினால் கணக்கில் எழுதிக்கொள்வார்கள்.

நம் பிள்ளைகளும் இப்படி வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போக முடியுமா?

முடியும். 2025 செப்டம்பர் 1 முதல் 14 வரை அமெரிக்காவின் அலாஸ்காவில், ஃபோர்ட் வெயின்ரைட் முகாமில் நடந்த 'யுத் அப்யாஸ்' பயிற்சிக்கு இந்தியாவிலிருந்து போனது மெட்ராஸ் ரெஜிமென்டின் ஒரு பட்டாலியன். ஊட்டிக்குப் பக்கத்தில் வெலிங்டனில்தான் அந்த ரெஜிமென்டின் மையம். தமிழ்நாடு, கேரளம், ஆந்திரா, தெலங்கானா, கர்நாடகம் என்று தென்னாட்டுப் பிள்ளைகள் நிறைந்த படை. 'வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு' என்ற அவர்களின் போர் முழக்கத்தில் தமிழும் மலையாளமும் பிரிக்க முடியாமல் கலந்து கிடக்கின்றன, நம் ஊர்ப் பேச்சைப் போல.

இப்போது சேருவது 2022ல் வந்த அக்னிபத் திட்டத்தின் வழியாக. நான்கு ஆண்டு பணி. அதன்பின் 25 சதவீதம் பேர் வரை நிரந்தரமாக எடுப்பார்கள். நம் பிள்ளைகள் அடிக்கடி செய்யும் ஒரு தவறை மட்டும் சொல்கிறேன். கோவை பக்கத்தில் இருக்கிறது, தமிழில் பேசலாம் என்று அங்கே நடக்கும் ஆள்சேர்ப்புக்குப் போய் நிற்கிறார்கள், திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். இருப்பிடச் சான்றிதழ் எந்த மாவட்டமோ அதுதான் கணக்கு. பாலக்காடு மாவட்டத்துக்காரர்களுக்குக் கோழிக்கோடு ஆள்சேர்ப்பு அலுவலகம். மாநில எல்லையில் இருக்கும் வாளையார் தாண்டிப் போக வேண்டாம். பள்ளிச் சான்றிதழில் தமிழ் மீடியம் என்று இருப்பது தடையே இல்லை. ஆனால் எஸ்எஸ்எல்சி புத்தகத்திலும் ஆதாரிலும் பெயரின் ஆங்கில எழுத்துகள் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். எல்லைப் பிள்ளைகளுக்கு ஒன்றில் 'ழ'வை இசட் வைத்தும் இன்னொன்றில் எல் வைத்தும் எழுதியிருப்பார்கள். திருத்த மாதக் கணக்கில் ஆகும், இன்றே அக்ஷயா அரசு சேவை மையத்துக்குப் போய்த் தொடங்குங்கள். மைதானத்துக்குக் காலை ஐந்தரைக்கும் வரலாம், மாலை ஐந்துக்கும் வரலாம். ஷூ இல்லாவிட்டாலும் பரவாயில்லை.